பதினொண்ணு பத்து

ஜன்னலோரத்துல அவரே இருக்கட்டும் அம்மிணி. நான் நடுவுல நகர்ந்துக்கறேன், நீங்க இந்த ஓரத்துல உட்காருங்க. பொள்ளாச்சிதானே? நாங்களும் அங்கதான். வெளியே மரமும் கடையும் ஓடிட்டே இருந்தா அவர் அமைதியா வருவார். பஸ் நின்னாத்தான் கொஞ்சம் சிரமம். ஊர் வந்துடுச்சும்பார்.

உங்களுக்கு வணக்கம் சொல்றார் பாருங்க. பதிலுக்குச் சொல்லிடுங்க. சொல்லிட்டீங்களா, சரி. மறுபடியும் சொல்றார். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான், மரியாதை தெரிஞ்ச மனுஷன். நீங்களும் இன்னொரு தடவை சொல்லிடுங்க. ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில இருந்து வர்றோம். உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆராய்ச்சி. வயசானவங்க மறதிக்குப் புதுசா ஒரு மாத்திரை கண்டுபிடிச்சிருக்காங்க, அது வேலை செய்யுதான்னு பார்க்கற ஆராய்ச்சி. அதுல இவரும் ஒருத்தர். மாசாமாசம் போகணும். மாத்திரை தருவாங்க, அப்புறம் ஒரு பரீட்சை வைப்பாங்க. இவர்தான் அங்க ஃபர்ஸ்ட். நான் பெருமைக்குச் சொல்லலை, அவங்களே சொன்னது. அப்படி ஃபர்ஸ்ட் வந்துகிட்டிருந்த மனுஷனை இன்னிக்கு வேண்டாம்னு எடுத்துட்டாங்க. எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது இப்படி நடக்குமா, சொல்லுங்க. மார்க் எடுக்காத பையனை நிறுத்துவாங்க. மார்க் எடுத்தவனை நிறுத்தி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்கூட வரலை அம்மிணி. காலையில எழுந்து இவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பஸ் மாறி வந்தது. கோபத்துக்கெல்லாம் தெம்பு வேணும்.

நான் டியூஷன் டீச்சர். பொள்ளாச்சியில மரகதம் டீச்சர்னா தெரியும், இப்ப இருக்கற பிள்ளைகளுக்குத் தெரியாது, அவங்க அப்பா அம்மாக்களுக்குத் தெரியும். பத்தாவது கணக்கும் சயின்ஸும். ஸ்கூல்ல இனி இது தேறாதுன்னு கைவிட்ட பிள்ளைகளை என்கிட்டதான் கொண்டுவந்து தள்ளுவாங்க. நான் புத்தகத்தை முதல் பக்கத்துல இருந்து நடத்த மாட்டேன். பழைய கேள்வித்தாளை எல்லாம் விரிச்சு வச்சுக்குவேன். எது திரும்பத் திரும்ப வருது, எது வராது. வர்றதை மட்டும் எடுத்து, ராத்திரி தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற மாதிரி பண்ணிடுவேன். புரிஞ்சுதான்னு கேட்டா, புரியறவனுக்கு டியூஷன் எதுக்கு? பாஸ் ஆகணும். பாஸ் ஆயிட்டா வீட்டுல நிம்மதி. அவ்வளவுதான் நான் செஞ்சது, அதைத்தான் இவருக்கும் செஞ்சேன்.

இவர் பேர் வெள்ளிங்கிரி. ஆர்.எம்.எஸ்.ல வேலை. தெரியாதா? முன்னெல்லாம் ராத்திரி ரயில்ல ஒரு பெட்டி முழுக்கத் தபால்தான் போகும். ஓடற ரயில்ல நின்னுகிட்டே ஊர் ஊராப் பிரிச்சுப் போடணும். இவர் அதுல இருந்தார். பொழுது சாயும்போது டிபன் தூக்கை எடுத்துட்டுக் கிளம்புவார், விடிஞ்சு வருவார். வந்து படுப்பார். நான் பிள்ளைங்களைச் சத்தம் போடாதீங்கன்னு அதட்டிகிட்டே பாடம் நடத்துவேன். நான் பாடம் முடிச்சு நிமிரும்போது இவர் செருப்பு மாட்டிகிட்டிருப்பார். "வரட்டா"ன்னு கேட்பார். "சரி"ம்பேன். எங்க குடித்தனத்துல அதிகமாப் பேசின வார்த்தை அது ரெண்டும்தான் இருக்கும். சண்டை எல்லாம் கிடையாதுங்க. சண்டை போட நேரம் வேணுமே.

ரிட்டையர் ஆன பிறகும் அதே பழக்கம். சாயங்காலமானா எங்கயாவது கிளம்பிடுவார், நண்பர்கள், கோயில், ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு. அப்படித்தான் ஒரு நாள் வீட்டுக்கு வர வழி தெரியாம பக்கத்துத் தெருவுல ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு, "இங்க பெட்டி எப்ப வரும்"னு கேட்டிருக்கார். அவங்க கூட்டிட்டு வந்து விட்டாங்க. கவனக்குறைவுன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன். ஆனா அந்த வீட்டம்மா எங்க கோகிலாவுக்குப் போன் பண்ணிட்டா.

கோகிலா எங்க பொண்ணு, ஒரே பொண்ணு, ஓசூர்ல இருக்கா. கம்பெனியில பெரிய வேலை. வந்தா, பார்த்தா, இவரை உட்கார வச்சு என்னென்னமோ கேட்டா. அப்புறம் என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "அம்மா, இது உன்னால முடியாது. ஓசூர்ல ஒரு இடம் இருக்கு, இந்த மாதிரி இருக்கறவங்களுக்குன்னே. கேட் பூட்டியிருக்கும், நர்ஸ் இருப்பாங்க. அப்பா அங்க இருக்கட்டும், நீ என்கூட இரு"ன்னா.

"பூட்டின கேட்டுக்குள்ள அவர் எதுக்கு இருக்கணும்? திருடினாரா?"ன்னேன்.

"அம்மா, நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசற."

"நீ சொல்றதுதான் எனக்குக் கேட்குது."

கடைசியில ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவளே விசாரிச்சு இந்த ஆராய்ச்சியில சேர்த்துவிட்டா. ஒரு வருஷம் பார்க்கலாம். மார்க் இறங்காம இருந்தா வீட்டுல இருக்கட்டும். இறங்கினா அவ சொல்ற இடம். நானும் சரின்னுட்டேன். மார்க்குன்னு சொன்னதும் எனக்குத் தைரியம் வந்துடுச்சு அம்மிணி. அது நம்ம வேலையாச்சே.

அங்க நஸ்ரின்னு ஒரு பொண்ணு. டாக்டர் இல்லை, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கற பொண்ணு, மேட்டுப்பாளையம். பெரிய டாக்டர் ஒருத்தர் மேல இருக்கார், ஆனா எல்லாம் நஸ்ரின்தான் பார்க்கும். ரொம்பத் தங்கமான பிள்ளை. இவர் நடக்க நேரமானா தானும் மெதுவா நடக்கும். முதல் பரீட்சைக்கு நானும் கூடவே உள்ளே உட்கார்ந்தேன், வீட்டுல இருந்து ஒருத்தர் இருக்கலாம்னாங்க. அஞ்சு வார்த்தை சொல்வாங்க. குடை, செம்பு, மல்லிகை, ரயில், கிளி. கொஞ்ச நேரம் வேற பேசிட்டு, அந்த அஞ்சையும் திருப்பிச் சொல்லச் சொல்வாங்க. ஒரு வட்டம் போட்டு, கடிகாரம் மாதிரி நம்பர் எழுதி, பதினொண்ணு பத்து காட்டுங்கம்பாங்க. இன்னிக்கு என்ன தேதி, என்ன கிழமை, இது எந்த மாடி. நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கணும். அவ்வளவுதான் சிலபஸ்.

இவர் அன்னிக்கு "ரயில்" மட்டும் சொன்னார். கடிகாரத்துக்கு வட்டம் போட்டார், நம்பரை எல்லாம் ஒரு பக்கமாக் கொண்டுபோய்க் குவிச்சுட்டார். நான் பார்த்துகிட்டே இருந்தேன். நஸ்ரின், "பரவாயில்லை அப்பா"ன்னு சொல்லி முதுகைத் தடவிக்கொடுத்தது. எனக்கு அந்தக் கேள்வி எல்லாம் அங்கயே மனப்பாடம். அடுத்த மாசம் போனப்பவும் அதே கேள்வி. அதே அஞ்சு வார்த்தை, அதே பதினொண்ணு பத்து. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. யுனிவர்சிட்டின்னா என்னமோன்னு நினைச்சிருந்தேன். எங்க ஸ்கூல்ல காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் கேள்வியையாவது மாத்துவாங்க.

அன்னிக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சுட்டேன். டியூஷன் ரூம் பூட்டிக் கிடந்தது, திறந்து கூட்டினேன். போர்டைத் துடைச்சேன். இவரைப் பெஞ்சுல உட்கார வச்சேன். பிடிவாதம் பிடிப்பார்னு பார்த்தேன், இல்லை. கையைக் கட்டிகிட்டு உட்கார்ந்தார். அஞ்சு வார்த்தையைத் தனித்தனியாச் சொன்னா நிக்காது, கோத்துக் கொடுக்கணும். குடை பிடிச்சுகிட்டு, செம்புல தண்ணி மொண்டு, மல்லிகைக்கு ஊத்தும்போது ரயில் போச்சு, கிளி பறந்தது. இதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல என் வாயையே பார்ப்பார். உதட்டை என்னை மாதிரியே அசைப்பார். பதினொண்ணு பத்துக்கு அவர் கையை என் கையில பிடிச்சு, சின்ன முள் இங்க, பெரிய முள் இங்கன்னு போர்டுல எழுத வைப்பேன். சாக்பீஸ் தூள் ரெண்டு பேர் கையிலயும் இருக்கும். விளக்கு போடற வரைக்கும் இப்படியே போகும். அப்புறம் இட்லி சாப்பிடுவோம். சாப்பிடும்போதும் நான் "குடை"ன்னா அவர் "செம்பு"ம்பார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் சாயங்காலம் வீட்டுல இருந்து நான் பார்த்தது அப்பதான்.

அதை விடுங்க. மார்க் ஏற ஆரம்பிச்சது. அதுதான் முக்கியம். மூணு வார்த்தை, நாலு, அப்புறம் அஞ்சும். கடிகாரம் அச்சு அடிச்ச மாதிரி. நூறு, தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, மளமளன்னு. தேதியையும் கிழமையையும் போற வழியில பஸ்லயே ஏத்திடுவேன். நஸ்ரின் முகத்தைப் பார்க்கணுமே. அது ஓடிப் போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வந்தது. அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு நின்னு பார்த்தார். "அம்மா, இவருக்கு இது நல்லா வேலை செய்யுது"ன்னார். எது வேலை செய்யுதுங்கறார், மாத்திரை. நான் ஒண்ணும் சொல்லலை. பிள்ளை பாஸ் ஆனா ஸ்கூல் தன் பேரைப் போட்டுக்கும், டியூஷன் டீச்சர் பேரை யார் போடறாங்க? எனக்கு அது பழக்கம்தான். டில்லியில ஏதோ கூட்டத்துல இவர் மார்க்கைப் படம் போட்டுக் காட்டினாங்களாம். பேர் போடலை, நம்பர்தான். நஸ்ரின்தான் சொன்னது, கண்ணெல்லாம் மின்ன.

மாசாமாசம் அதுவே கோகிலாவுக்குப் போன் போட்டு மார்க்கைச் சொல்லிடும். கோகிலாவும் ஓசூர்ப் பேச்சை எடுக்கறதை நிறுத்திட்டா. "அப்பா தேறிட்டார் போலம்மா"ன்னு அழுதா. நானும் சேர்ந்து அழுதேன். பொய்யா அழலை அம்மிணி. மார்க் வருதே. மார்க் வந்தா தேறிட்டார்னுதானே அர்த்தம்?

நடுவுல சின்னச் சின்ன விஷயம் இருக்கும். எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான். ஒரு நாள் நல்ல மழை. இவர் கையில குடையைக் கொடுத்து, விரிங்கன்னேன். அதையே பார்த்துகிட்டு நின்னார். "இது என்ன"ன்னு கேட்டார். "குடை"ன்னேன். உடனே, "செம்பு, மல்லிகை, ரயில், கிளி"ன்னு கடகடன்னு சொல்லிட்டார். நனைஞ்சுகிட்டே சொன்னார். பார்த்தீங்களா, ஒண்ணுகூடத் தப்பலை. விரிக்கத் தெரியலைதான். விரிக்கறது சிலபஸ்ல இல்லையே.

ராத்திரியில எழுந்து நடப்பார். அதுக்கு நான் என் முந்தானையை அவர் மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்திகிட்டுப் படுத்துக்கறேன். அசைஞ்சா எனக்குத் தெரிஞ்சுடும். அதனால ஒண்ணும் தொந்தரவு இல்லை. என்னையும் அங்க கேள்வி கேட்பாங்க தெரியுமா? பார்த்துக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு பரீட்சை. ராத்திரி தூங்கறீங்களா, களைப்பா இருக்கா, காரணமில்லாம அழுகை வருதா, யாராவது உதவிக்கு இருக்காங்களா. எந்தக் கேள்விக்கு எது சரியான பதில்னு பார்த்தாலே தெரியுது, இதுக்குப் படிக்க வேற வேணுமா? நல்லாத் தூங்கறேன், களைப்பில்லை, அழுகை இல்லை, உதவி தேவையில்லை. ஒவ்வொரு மாசமும் ஒரே பதில். ஒரு கேள்வியிலகூட நான் மார்க் விட்டதில்லை.

இது கிணத்துக்கடவா? இல்லை, இன்னும் வரலை. உட்காருங்க, இது நம்ம ஊர் இல்லை. அம்மிணிக்குச் சொல்லலை, அவருக்குச் சொன்னேன். உட்காருங்கப்பா. ஆங்.

இன்னிக்கு என்ன நடந்ததுன்னு கேளுங்க. போனோம். நஸ்ரின் எப்பவும் போல இவரைக் கையைப் பிடிச்சு உட்கார வச்சது. நான் வரும்போதே தேதி கிழமை எல்லாம் ஏத்தியாச்சு. நஸ்ரின் கேட்டது, "அப்பா, அஞ்சு வார்த்தை சொல்றேன், கவனமாக் கேளுங்க. சாவி, ஆறு, மேளம், வாழை, கண்ணாடி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேற கேள்வித்தாள். சொல்லாம கொள்ளாம மாத்திட்டாங்க. இவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்ப சொல்லுங்கப்பா"ன்னுச்சு. இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல கணீர்னு, "குடை, செம்பு, மல்லிகை, ரயில், கிளி"ன்னார்.

நஸ்ரின் அதை எழுதிகிச்சு. காகிதத்தைக் கொடுத்து, "நாலே முக்கால் காட்டுங்கப்பா"ன்னுச்சு. இவர் வட்டம் போட்டார். அவ்வளவு அழகான வட்டம். நம்பர் எல்லாம் அதது இடத்துல. சின்ன முள், பெரிய முள். பதினொண்ணு பத்து.

நல்லா இருக்கான்னு என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பழக்கத்துல தலையாட்டிட்டேன்.

நஸ்ரின் அந்தக் காகிதத்தையே பார்த்துகிட்டிருந்தது. அப்புறம், "அம்மா, நீங்க வீட்டுல சொல்லிக்கொடுத்தீங்களா?"ன்னு கேட்டது.

"சொல்லிக்கொடுக்காம எப்படிக் கண்ணு வரும்? உனக்கு வீட்டுல யாரும் சொல்லிக்கொடுக்கலையா?"ன்னேன்.

"எப்ப இருந்தும்மா?"

"ரெண்டாவது மாசத்துல இருந்தே. ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சல் வந்தப்பகூட விடலை."

அது கையால வாயை மூடிகிட்டது. "இது அப்பாவோட மார்க் இல்லம்மா. உங்க மார்க்"ன்னுச்சு. எனக்கு ஒரு நிமிஷம் பெருமையா இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் பார்த்தா அந்தப் பிள்ளை அழுதுட்டிருக்கு. இத்தனை மாசம் எழுதின கணக்கு எல்லாத்தையும் திரும்பப் போடணுமாம். டில்லியில காட்டின படம் தப்பாம். "இவர் தேறினார்னு நம்பி இன்னொருத்தர் இந்த மாத்திரையை நம்பியிருப்பாரும்மா, அவங்க வீட்டுலயும் ஒரு அம்மா இருப்பாங்க"ன்னுச்சு. எங்கயோ இருக்கற ஒருத்தர். ஒருத்தர் மார்க்குல உலகம் கவிழ்ந்துடுமா? அத்தனை பெரிய ஆராய்ச்சியில இவர் ஒரு நம்பர். ஆனா அந்தப் பிள்ளை அழுதது எனக்குப் பொறுக்கலை. "நீ அழாத கண்ணு, அந்தப் புது அஞ்சு வார்த்தையை எழுதிக் கொடு, அடுத்த மாசம் சொல்ல வச்சுடறேன்"ன்னேன். அதுக்கு இன்னும் அழுதது.

பெரிய டாக்டர் வந்தார். திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை. நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவர் கணக்கை ஆராய்ச்சியில இருந்து எடுத்துடறோம், இனிமே வைத்தியத்துக்கு வேற இடத்துல காட்டலாம், சீட்டு எழுதித் தர்றேன்னார். உண்மையில இவர் நிலைமை ரொம்ப இறங்கிடுச்சும்மா, ஸ்கேன்ல பார்த்தப்பவே எங்களுக்குக் குழப்பமா இருந்தது, மார்க் ஏறுது, மூளை இறங்குது, எங்க தப்புன்னு தேடிகிட்டிருந்தோம்னார். அதுக்குத்தான் கேள்வியை மாத்தினாங்களாம். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"ன்னார்.

"நல்லாத் தூங்கறேன், களைப்பில்லை, அழுகை இல்லை, உதவி தேவையில்லை"ன்னேன்.

அவர் நஸ்ரினைப் பார்த்தார். நஸ்ரின் அவரைப் பார்த்தது. என்ன பார்வையோ. படிச்சவங்க அப்படித்தான், வாயால பேச மாட்டாங்க.

வெளியே வந்ததும் நஸ்ரின் என் பின்னாலயே வந்தது. "கோகிலாக்காவுக்கு இந்தத் தடவை நான் சொல்லலைம்மா. நீங்களே சொல்லுங்க. என்னால பொய் சொல்ல முடியாது, உண்மையையும் சொல்லத் தெரியலை"ன்னுச்சு. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஆட்டோ பிடிச்சு விட்டது. தங்கமான பிள்ளைன்னு சொன்னேன்ல.

இப்பப் புரியுதா அம்மிணி, என் கஷ்டம் எங்க இருக்குன்னு? மாத்திரை போகட்டும். ஆராய்ச்சி போகட்டும். இந்நேரம் கோகிலாவுக்கு நஸ்ரின்கிட்ட இருந்து போன் போயிருக்கணும். போகலை. அவ காத்துகிட்டிருப்பா. எப்ப வேணா என்னைக் கூப்பிடுவா. நான் சொன்னா நம்ப மாட்டா. ஆஸ்பத்திரியில இருந்து யாராவது சொன்னாத்தான் அவளுக்கு வேதவாக்கு. இன்னிக்கு மார்க் தெரிஞ்சா நாளைக்கே காரை எடுத்துட்டு வந்துடுவா. இவரைக் கொண்டுபோய் அந்த கேட்டுக்குள்ள விட்டுட்டு, எனக்கு மாடியில ஒரு ரூம் கொடுப்பா, டிவி இருக்கும். நான் சாயங்காலத்துல டிவி பார்க்கணும்.

நீங்க ஏறும்போது போன்ல பேசிகிட்டே வந்தீங்கல்ல, கேட்டேன். நல்ல அழுத்தமான குரல். ஆபீஸ்ல நாலு பேரை வச்சு வேலை வாங்கற குரல். கழுத்துல அடையாள அட்டை வேற. எனக்கு ஒரு சின்ன உபகாரம் பண்ணணும். கோகிலா கூப்பிட்டா நீங்க பேசுங்க. பயப்படாதீங்க, ரொம்ப சுலபம். "மேடம், நான் யுனிவர்சிட்டி ஆராய்ச்சிப் பிரிவுல இருந்து பேசறேன். நஸ்ரின் இன்னிக்கு லீவு. அப்பாவுக்கு இந்த மாசம் மார்க் நல்லா இருக்கு. போன மாசத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை." அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். கூடுதலாப் பேசினாத்தான் மாட்டிக்குவோம். அவ எதாவது கேட்டா, "மத்ததை டாக்டர்தான் சொல்லணும் மேடம்"னு சொல்லிடுங்க. பஸ் சத்தம் கேட்டா, வீட்டுக்குப் போற வழியில இருக்கேன்னு சொல்லிக்கலாம்.

எங்க, ஒரு தடவை சொல்லிப் பாருங்க.

ஏன் பேசாம இருக்கீங்க? தப்புன்னு நினைக்கறீங்களா? நான் ஒருத்தர் சொத்தையும் எழுதி வாங்கச் சொல்லலை. ஒரு மாசம் தள்ளிப் போடணும், அவ்வளவுதான். அடுத்த மாசம் வேற ஒரு வழி பார்த்துக்கறேன். என்கிட்ட டியூஷன் படிச்ச பிள்ளைகள்ல ஒருத்தன் இப்ப மெடிக்கல் ஷாப் வச்சிருக்கான், அவனைக் கேட்கலாம். இன்னிக்கு ஒரு நாள் தாண்டணும். "மேடம், நான் யுனிவர்சிட்டி ஆராய்ச்சிப் பிரிவுல இருந்து." என் வாயைப் பாருங்க. "நஸ்ரின் இன்னிக்கு." அம்மிணி, இங்க பாருங்க, என் வாயைப் பாருங்க. எதுக்குக் கண் கலங்கறீங்க? எல்லாரும் இன்னிக்கு அழறீங்க. அழற மாதிரி இதுல என்ன இருக்கு?

போன் அடிக்குது. பை அவர் மடியில இருக்கு. கொடுங்க, பையைக் கொடுங்கப்பா. பாருங்க, எடுத்துட்டார். பச்சை பட்டன் மட்டும் விரலுக்கு இன்னும் தெரியுது. இருங்க, நீங்க தயாரா இருங்க, வாங்கித் தர்றேன்.

"அலோ. ஆமாங்க. யாருங்க பேசறது? சரிங்க. மார்க்கா? அது எனக்குத் தெரியலைங்களே. இங்க ஒரு டீச்சரம்மா இருக்காங்க, அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். இல்லைங்க, நான் வெறும் ஆள்தான். நீங்க யாரா இருந்தாலும் கொஞ்சம் வாங்க. வந்து இந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. காலையில இருந்து பேசிகிட்டே இருக்காங்க, பாவம். யாரும் அவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலை. வந்துடறீங்களா? சரிங்க. சரிங்க. வச்சுடறேன்."

வச்சுட்டார்.

கேட்டீங்களா அம்மிணி. இதுல ஒரு வார்த்தைகூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை.